கழற்றி வைத்த ஒயர்

என் பெயர் சங்கலா. வயது இருபத்திரண்டு. லாபுவான் பாஜோ துறைமுகத்தில், கடல் போலீஸ் நிலையத்தின் பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து இதை நம் தெருக்காரர்களுக்காக போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் லாக்கப்பில் இல்லை. முதலில் அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் படகின் மெக்கானிக் டாயெங் தொம்போ கரண்ட் அடித்துச் செத்தது உண்மை. நான் ஜெனரேட்டரைப் போட்டதால்தான் செத்தார் என்பது பொய். அவர் சோதித்துப் பார்க்காமல் கை வைத்தார் என்பது அதைவிடப் பெரிய பொய். இந்த இரண்டு பொய்யும் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. அவருடைய மனைவி ராம்லா அக்காவுக்கு போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். மறுபடி செய்தேன். மறுபடி வைத்துவிட்டார். அதனால் நடந்ததை உங்களிடம் வரிசையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம். புது பிரேக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு படகுக்குத் திரும்பினேன். எங்கள் படகோடு ஒட்டிக் கட்டியிருந்த கம்போஜா படகின் ஜெனரேட்டர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் படகில் சத்தமே இல்லை. இருக்கவும் கூடாது. ஜெனரேட்டர் சாவி என் கழுத்தில், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

இயந்திர அறையின் மூடி திறந்திருந்தது. "டாயெங், கடைக்காரன் நீங்க கேட்டதைவிட நல்லது தந்திருக்கான்!" என்று கத்திக்கொண்டே ஏணியில் இறங்கினேன். மூத்தவர்களை நாங்கள் டாயெங் என்றுதான் கூப்பிடுவோம்.

தொம்போ என்ஜினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கட்டிய டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அவருடைய முழங்காலில் விழுந்து அசையாமல் நின்றது. வெறுங்கால், தரையில் தேங்கிய தண்ணீரில். வலது கை விரல்களில் கறுப்பாக ஒரு கோடு. தொட்டேன். உடம்பு குளிர்ந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் இல்லை.

அலறினேன். சமையலறை எனக்கு நேர் மேலே. கேப்டன் ஜுமாடில் அங்கேதான் இருந்தார். சமையல்காரர் வென்ஸ் படகிலேயே இல்லை, கரையில், படகுத்துறைப் பாலத்தின் அந்தக் கோடியில் மூட்டையோடு வந்துகொண்டிருந்ததை நான் ஏறும்போது பார்த்திருந்தேன். ஆனாலும் இருவரும் ஒரே நேரத்தில்தான் ஏணிக்கு வந்தார்கள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

கேப்டன் தொம்போவைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "டேய், சாவி உன் கழுத்துலதானடா இருக்கு. என்னடா பண்ணித் தொலைச்சே?"

இறந்தவரின் பெயர்கூட இல்லை. சாவிதான்.

கேப்டன் யார் என்று உங்களுக்குத் தெரியும். நம் தெருக்காரர். என்னை இந்தப் படகுக்குக் கூட்டி வந்தவர். அம்மா தினமும் தொழுகையில் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளும் ஆள்.

அன்று காலையில் நடந்ததையும் சொல்லவேண்டும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே படகில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடும், கரண்ட் கசிவைப் பிடிக்கும் பிரேக்கர் உடனே விழுந்துவிடும். எங்கோ ஒரு ஒயரில் கசிவு. எது என்று தெரிய ஒவ்வொரு ஒயராகப் பேனலிலிருந்து கழற்றி, ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கவேண்டும். தொம்போ அப்படித்தான் பார்த்தார். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் டெஸ்டரை வைத்து, "இதுல உயிர் இல்ல" என்று சத்தமாகச் சொல்வார். நானும் "உயிர் இல்ல" என்று திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் திட்டுவார். சமையலறை ஒயரைக் கழற்றியதும் பிரேக்கர் விழாமல் நின்றது.

மேலே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார். "கோளாறு சமையலறை ஒயர்லதான். கழட்டிட்டேன். ஐஸ் பெட்டிய யாரும் திறக்காதீங்க, இருக்கிற குளிர் அப்படியே இருக்கட்டும்."

"என் மக கல்யாணத்துக்கு வாங்கின மீன் அதுலதான் இருக்கு" என்றார் கேப்டன். "ராத்திரியெல்லாம் கரண்ட் இல்ல. ஒயர்ல ஒண்ணும் இருக்காது. அந்த பிரேக்கரே மட்டம். புதுசு ஒண்ணு போடு, எல்லாம் சரியாயிடும்."

"மீன் எங்கயும் ஓடாது டாயெங். மாப்பிள்ளை ஓடாம பாத்துக்கோங்க."

வென்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை.

தொம்போ என் காதருகே குனிந்து, "பிரேக்கர் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் மனசு ஆறணும். போய் ஒண்ணு வாங்கிட்டு வா. சாவிய கழுத்துல போட்டுக்கோ, யாரும் என்ஜினைத் தொட முடியாது. நான் அந்த ஒயர் முனைய சுத்தம் பண்ணி, கசிவு எங்கன்னு பாக்குறேன்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

கடல் போலீஸிலிருந்து பெண் அதிகாரி யூப்லினா வந்தார், மரியாதையாக இபு என்று கூப்பிட்டோம். ரோத்தே தீவுக்காரர். கனத்த உடம்பு. படகில் ஏறும்போது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், காலுறையில் ஓட்டை. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஏணியில் இறங்க முடியாது என்று எல்லோரும் நினைத்தோம். இறங்கினார். வெகுநேரம் ஏறி வரவில்லை.

மேலே வந்து கேட்டார். "சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட, இபு."

"எப்பவும்?"

"கடைக்குப் போய் வர்ற வரைக்கும்."

"திரும்பி வந்ததும் ஜெனரேட்டரப் போட்டியா?"

"இல்ல இபு. சத்தியமா."

"போட்டான்" என்றார் கேப்டன். "நான் சமையலறையில இருந்தேன். இவன் ஏறி வந்த காலடி கேட்டுச்சு. அடுத்து ஜெனரேட்டர் ஒரு தடவ உறுமிச்சு. அப்புறம் அலறல். சின்னப் பையன் இபு, வேணும்னு செய்யல. புது பிரேக்கர் வாங்கின ஆர்வம். தொம்போவும் லேசுப்பட்ட ஆளில்ல, சோதிக்காமலே கை வைப்பான். எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

நான் குறுக்கே புகுந்தேன். "பொய்! அவர் சோதிக்காம ஒரு திருகாணியக்கூட தொடமாட்டார்!"

"பெரியவங்க பேசும்போது கத்தாத" என்றார் கேப்டன், அப்பா மாதிரி, அமைதியாக.

"உறுமினத வேற யாராச்சும் கேட்டீங்களா?" என்றார் இபு.

யாரும் கேட்கவில்லை. கம்போஜாவின் ஜெனரேட்டர் கத்தும்போது இன்னொரு ஜெனரேட்டரின் உறுமல் தனியாகக் கேட்காது. ஜெனரேட்டர் சூடாக இருக்கிறதா என்று இபு தொட்டுப் பார்த்திருந்தார். அந்த அறையில் மதிய வெயிலுக்கு எல்லா இரும்பும் சூடுதான்.

அடுத்து வென்ஸ். "நீங்க எங்க இருந்தீங்க?"

"காலையில பாத்திரம் கழுவினேன் இபு. ஐஸ் தட்டுல இருந்ததெல்லாம் உருகி, மீன் வாடை வேற. கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்லயே வெச்சேன், கரண்ட் வந்தா தானா உறையட்டும்னு. அப்புறம் சந்தைக்குப் போயிட்டேன்."

"தொம்போவுக்கும் கேப்டனுக்கும் சண்டை உண்டா?"

வென்ஸ் தரையைப் பார்த்தார். "போன மாசம் ஒரு ஒயருக்காக. தொம்போ அதை வெட்டி எறியணும்னு நின்னார். கேப்டன் விடல."

"என்ன ஒயர்?"

"ஒயர்தான் இபு. படகுல எல்லா ஒயரும் கறுப்பாத்தான் இருக்கு. எனக்கு கரண்ட் தெரியாது, மீனைக் கண்டம் போடத்தான் தெரியும்." துண்டு போடுவது போலக் கையால் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

இபு சமையலறைக்குள் போனார். ஃப்ரீசரைத் திறந்தார். மேலே ஐஸ் தட்டு. வெளியே எடுத்து நகத்தால் ஒரு தட்டு தட்டினார். கண்ணாடி மாதிரி ஒரு படலம் உடைந்தது. அடியிலிருந்து தண்ணீர் வழிந்து அவர் சட்டைக் கையை நனைத்தது. "ஐயோ, இன்னைக்குத்தான் இஸ்திரி போட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டு, தன் போனில் அதைப் படம் பிடித்தார். அதற்குக் கீழே கேப்டனின் களவாய் மீன்கள், வாய் திறந்தபடி.

அன்று மாலையே, இங்கேயே அடக்கம். கேப்டன் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். நான் கை வைக்கப் போனபோது யாரோ தள்ளிவிட்டார்கள். அடக்கம் முடிந்ததும் என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். தொம்போ செய்த தப்பு என்ன? ஒயர் கசிகிறது என்று உண்மையைச் சொன்னார். அவ்வளவுதானே?

மறுநாள் காலை இபு என்னைப் படகுக்கு அழைத்து வந்தார். கேப்டன், வென்ஸ், நான், கம்போஜாவின் காவலாள் எல்லோரையும் மேல்தளத்தில் உட்காரச் சொன்னார். வாழைப்பழ வறுவல் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். எல்லோருக்கும் நீட்டினார். கேப்டன் மட்டும் எடுத்தார்.

"சங்கலா. நேத்து கீழே பேனல்ல எந்த ஒயர் கழண்டு தொங்குச்சு?"

"சமையலறை ஒயர், இபு. மஞ்சள் டேப் சுத்தினது."

"அதோட முனையில என்ன இருந்துச்சு?"

நான் யோசித்தேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அந்த முனை நினைவுக்கு வந்தது. "கருகியிருந்துச்சு. கொஞ்சம்... தோல் ஒட்டியிருந்துச்சு."

"தொம்போ விரல்லயும் அதே அளவுக்குக் கோடு. அப்போ அவரை அடிச்சது அந்த ஒயர்தான். இதுல யாருக்காவது சந்தேகம் உண்டா?"

இல்லை என்று கேப்டனும் தலையாட்டினார். "அதைத்தானே நானும் சொல்றேன்."

"அதைத்தான் நீங்க சொல்லக் கூடாது கேப்டன்" என்றார் இபு. "ஜெனரேட்டர்ல இருந்து கரண்ட் பேனலுக்கு வரும். பேனல்ல இருந்து ஒயர் வழியா சமையலறைக்குப் போகும். இந்த ஒயர்தான் பேனல்லயே இல்லையே. கழட்டி வெச்சிருக்கு. இந்தப் பையன் ஜெனரேட்டர நாள் பூரா ஓட்டினாலும் அந்த முனைக்கு ஒரு சொட்டு கரண்ட் வராது."

நான் அழுதுவிட்டேன். அந்த அறையில் நான் ஆயிரம் முறை நின்றிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லையே என்று.

கேப்டன் வறுவலைக் கீழே வைத்தார். "அவன் விழுந்தப்போ இழுபட்டு கழண்டிருக்கும்."

"இழுபட்ட ஒயர் திருகாணியக் கழட்டி, தைல டப்பா மூடியில பத்திரமா வைக்குமா? மூடி பேனலுக்குப் பக்கத்துல இருந்துச்சு, திருகாணி அதுல இருந்துச்சு. டெஸ்டர் அவர் சட்டைப் பையில. நான் எங்க ஸ்டேஷன் பிளக் பாயிண்டுல வெச்சுப் பாத்தேன், நல்லா எரியுது. அவர் சோதிச்சார். சோதிச்சப்போ அந்த ஒயர்ல உயிர் இல்ல. அவர் அதைக் கையில பிடிச்சிருந்தப்போ உயிர் வந்துச்சு."

"எங்கிருந்து வரும்?" என்றார் வென்ஸ் மெதுவாக.

"ஒயருக்கு ரெண்டு முனை இருக்கு வென்ஸ். ஒண்ணு கீழே, தொம்போ கையில. இன்னொண்ணு?"

வென்ஸ் திரும்பித் தன் சமையலறையைப் பார்த்தார்.

"நீங்க காலையில ஊத்தினது தண்ணி. நான் பாத்தப்போ மேலே ஐஸ், உள்ளே தண்ணி. உருகுற ஐஸ் எப்படி இருக்கும்? தண்ணிக்கு நடுவுல கட்டி மிதக்கும். உறையுற ஐஸ்தான் வெளியே தோல் கட்டி, உள்ளே தண்ணியா இருக்கும். முந்தின ராத்திரியே உருகி முடிஞ்ச பெட்டி, மதியம் உறைய ஆரம்பிச்சிருக்கு. கரண்டே இல்லாத படகுல ஃப்ரீசர் ஓடியிருக்கு."

இபு கம்போஜாவின் காவலாள் பக்கம் திரும்பினார். "நேத்து மதியம் உங்க படகுல இருந்து யாருக்காவது கரண்ட் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் இபு" என்றார் அவர், நேரம் கேட்டால் சொல்வது போல. "எப்பவும் குடுக்கிறதுதானே. பக்கத்துல கட்டியிருந்தா அரிசி கேட்டா அரிசி, கரண்ட் கேட்டா கரண்ட். ஒயர நீட்டினாங்க, எங்க பிளக் பாயிண்டுல சொருகிவிட்டேன். அப்புறம் அவங்களே இழுத்துக்கிட்டாங்க."

"யாரு?"

அவர் கேப்டனைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நேத்து எல்லாரும் இவங்க ஜெனரேட்டரப் பத்தித்தானே கேட்டாங்க. எங்க ஜெனரேட்டரப் பத்தி யாரும் கேக்கலியே இபு."

இந்தத் துறைமுகத்தில் கரண்ட் வாங்காத படகு கிடையாது. வாங்குவதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அதிலிருந்து பேனலுக்கு வரும். அன்று பேனல் திறந்து கிடந்தது. அதனால் கேப்டன் குறுக்கு வழியில் போனார். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு தலைப் பாம்பு என்று நாங்கள் சொல்வோம். ஒரு தலையைப் பக்கத்துப் படகில் சொருகி, இன்னொரு தலையை நம் சுவரிலிருக்கும் பிளக் பாயிண்டில் சொருகினால், அந்தச் சுவர் ஒயரில் சேர்ந்த எல்லாம் ஓடும், அதன் மறுமுனை வரைக்கும் கரண்ட் பாயும். தொம்போ வெட்டி எறியச் சொன்னது அதைத்தான்.

"என்கிட்ட அப்படி ஒயரே கிடையாது" என்றார் கேப்டன். "என் அறையில தேடிக்கோங்க. சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒண்ணுதான் இருக்கு."

"தேடியாச்சு." இபு ஒரு பையிலிருந்து அதை எடுத்து எங்கள் நடுவில் போட்டார். கறுப்பு ஒயர், கிரீஸ் படிந்து, உப்பு பூத்து. ஒரு முனையில் பழைய பிளக். மறுமுனையில் வெள்ளை வெளேரென்று புதிய சாக்கெட். திருகாணியைக் கழற்றி உள்ளே காட்டினார். செம்பு பளபளவென்று மின்னியது.

"சங்கலா, உப்புக் காத்துல செம்பு எத்தனை நாள் இப்படி மின்னும்?"

"ரெண்டு நாள் தாங்காது இபு. பச்சை பூத்துடும்."

"பழைய தலைய வெட்டிட்டு, புதுசு மாட்டினது எப்போ கேப்டன்? அடக்கத்துக்கு முன்னாடியா, தோள் குடுத்துட்டு வந்த பிறகா?"

கேப்டன் நிமிரவில்லை. அந்த ஒயரைப் பார்த்தபடியே பேசினார். "கொல்லணும்னு செய்யல. அவன்தான் சொன்னானே, ஒயரக் கழட்டிட்டேன்னு. கழட்டின ஒயர்தானே, கரண்ட் மேலயே நின்னுடும், கீழ போகாதுன்னு நெனச்சேன். மீன் கெட்டுடும்... கல்யாணத்துக்கு அத்தனை பேரையும் கூப்பிட்டாச்சு."

"கழட்டின முனை ஒரு மனுஷன் கையில இருக்கும்னு நெனைக்கலியா?"

"நெனைக்கல."

"சரி. அதுவரைக்கும் தெரியாம செஞ்ச தப்பு" என்றார் இபு. அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "இந்தப் பையன் அலறினப்போ நீங்க மேல என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க? பாலத்துக் கோடியில இருந்து மூட்டையோட ஓடி வந்த வென்ஸும் நீங்களும் ஒண்ணா வந்து நின்னீங்களே, எப்படி? ஒயரப் புடுங்கி, சுருட்டி, ஒளிச்சுட்டு வந்தீங்க. வந்து, உங்களை நம்பி ஊரை விட்டு வந்த பிள்ளையோட கழுத்தைக் காட்டினீங்க. செத்தவன் பேரையும் விடல, சோதிக்காதவன்னு சொன்னீங்க. அதுக்கு என்ன பேரு கேப்டன்? அதையும் மீன்தான் செஞ்சுச்சா?"

வென்ஸ் எழுந்து சமையலறைக்குப் போனார். களவாய் மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் வீசும் சத்தம் கேட்டது. யாரும் தடுக்கவில்லை.

கேப்டனைக் கூட்டிப் போன பிறகு நானும் வென்ஸும் அந்தச் சமையலறை ஒயரைச் சுவரிலிருந்து உருவிப் பார்த்தோம். அடுப்புக்குப் பின்னால் எலி கடித்து, செம்பு வெளியே தெரிந்து, ஈர மரத்தில் உரசிக்கொண்டிருந்தது. தொம்போ சொன்ன அதே ஒயர்தான். கம்போஜாவில் கசிவைப் பிடிக்கும் பிரேக்கர் இல்லை, அதனால் அது எதையும் தடுக்கவில்லை. எங்களுடைய பிரேக்கர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. நான் வாங்கி வந்த புதியது இன்னும் பிரிக்காமல் பையிலேயே இருக்கிறது.

இபு என்னைப் போகச் சொல்லிவிட்டார். ஆனால் கேப்டனின் தம்பி அதற்குள் நம் தெருவுக்கு வந்துவிட்டாராம். சர்க்கரையும் புதுச் சரோங் கைலியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாராம். விதி, யாரும் காரணமில்லை, தொம்போதான் சோதிக்கவில்லை, சமாதானமாகப் போவோம் என்று சொல்கிறாராம். நம் வீட்டுக்கும் வருவார். உட்காரச் சொல்லுங்கள், காபி கொடுங்கள். சரோங்கை வாங்காதீர்கள், வாங்கினால் அவர் சொல்வதை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

இன்னொன்று. இதை யார் படித்தாலும் சரி, ராம்லா அக்கா வீட்டுக்குப் போங்கள். என் பெயரைச் சொன்னால் கதவைச் சாத்துவார். அதனால் என் பெயரைச் சொல்லாமல், வாசலில் நின்றே ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள்: அவர் சோதித்துப் பார்த்தார், உயிர் இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். கேட்டபின் அவர் உள்ளே கூப்பிட்டால், மீதியையும் படியுங்கள்.